யூரோப்பா யுனிவர்சாலிஸ் 5: யாழ்ப்பாண அரசை எடுக்கப் போறவைக்கான இழை (கொன்ட்ரோல் கணக்கு, திருகோணமலைத் துறைமுகம், தமிழ் எழுத்துரு)

கோணமலையான்

2025 நவம்பர் 4ஆம் திகதி யூரோப்பா யுனிவர்சாலிஸ் 5 எண்ட கணினி வியூக விளையாட்டு வெளியாகுது. 2024 பெப்ரவரியில இருந்து அதைச் செய்யிற பரடொக்ஸ் டின்டோ நிறுவனம் கிழமைக்குக் கிழமை போட்டு வந்த குறிப்புகளை விடாம வாசிச்ச ஆக்கள் திருகோணமலையில கொஞ்சப்பேர் இருக்கிறம். வெளியாகிற அண்டைக்கே யாழ்ப்பாண அரசை எடுத்துத் தொடங்கப் போறவைக்காக இந்த இழை. படையெடுப்பைப் பிறகு கதைப்பம். முதல்ல கணக்கு.

4ஆம் பாகம் 1444 நவம்பர் 11இல தொடங்கினது. இது 1337 ஏப்ரல் 1. அந்த 107 வருசம் எங்கட பக்கத்துக்குப் பெரிய வித்தியாசம். 1337இல மதுரைச் சுல்தானகத்துக்கு வயது ரெண்டு. விஜயநகரத்துக்கு ஒண்டு. ஹொய்சளரில மூன்றாம் வல்லாளன் இன்னும் இருக்கிறான். தெற்கில குருநாகலில ஐந்தாம் விஜயபாகு, கம்பளை அரசு வர இன்னும் நாலு வருசம் கிடக்கு. வடக்கில ஆரியச்சக்கரவர்த்திகள். 1344இல இபன் பதூதா புத்தளத்தில சந்திச்சு, கடலில பலமானவன், முத்து நிறைய வைச்சிருக்கிறவன் எண்டு எழுதினது அந்த வம்சத்து அரசனைத்தான். நாங்கள் தொடங்கிற இடம் சின்னது, ஆனா பலவீனமானது இல்லை.

மாற்றங்களில முக்கியமானது மனாப் புள்ளி ஒழிஞ்சது. அரசனுக்கு மூண்டு வகைப் புள்ளி, அதைச் செலவழிச்சு ஒரு சொடுக்கில மாகாணத்தை வளர்க்கிற வேலை இனி இல்லை. ஒவ்வொரு லொக்கேஷனிலயும் (வரைபடத்தில ஆகச் சின்ன நிலத்துண்டு) உண்மையான சனத்தொகை இருக்கு: பிரபுக்கள், மதகுருமார், நகரத்து வணிகர், விவசாயிகள், தொழிலாளர், படையாட்கள், அடிமைகள், பழங்குடிகள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனி இனம், சமயம். இடம் வளரோணுமெண்டா சனம் பெருகோணும். சனம் பெருகச் சாப்பாடு வேணும்.

ரெண்டாவது கொன்ட்ரோல், அதாவது ஒரு இடத்தில அரசின்ர பிடி நூற்றுக்கு எவ்வளவு எண்ட எண். எல்லாரும் இடறி விழப்போற இடம் இதுதான், ஒரு கணக்கோட சொல்லுறன். விளங்கிறதுக்காக எடுத்த எண்கள் இவை. ஒரு லொக்கேஷன் மாசம் 10 தங்கம் விளைவிக்குது எண்டு வைப்பம். அங்க கொன்ட்ரோல் 25. அப்ப கணக்கில வாறது 2.5. அதில அரசபங்கு 30 வீதமெண்டா 0.75 நேர உங்கட கையில. மிச்சம் 1.75 பிரபுக்கள், குருமார், வணிகர், குடிமக்களுக்குப் போகும். அவையிட்ட 20 வீதம் வரி எடுத்தா இன்னுமொரு 0.35. ஆக மொத்தம் 1.10. பத்தில ஒண்டு கொஞ்சம். வரைபடத்தில நிறம் உங்கடதா இருக்கலாம், பணம் உங்கடது இல்லை.

அந்தக் கொன்ட்ரோல் எங்க இருந்து வருது எண்டா, தலைநகரத்தில இருந்து பரவுற ப்ரொக்சிமிட்டியில (கிட்டத்தன்மை) இருந்து. தலைநகரத்தில 100. ஒவ்வொரு லொக்கேஷனாத் தாண்டத் தாண்டக் குறையும். காடும் மலையும் கூடுதலாத் தின்னும். வீதியும் ஆறும் குறைவாத் தின்னும். உங்கட கப்பலும் துறையும் வலுவா இருக்கிற கடலோரம் ஆகக் குறைவு. நல்லூரில இருந்து தெற்க தரையால போனா வன்னிக் காடு. கடலால வந்தா முல்லைத்தீவு, கொக்கிளாய், திருகோணமலை. எந்த வழியைப் பிடிக்க வேணுமெண்டு இதிலயே தெரியுது.

---

நிலாவெளியான்

அண்ணை, அப்ப ஏன் சுத்தி வளைப்பான்? ஒவ்வொரு கரையோர லொக்கேஷனுக்கும் இயற்கைத் துறைமுகத் தகுதி எண்டு ஒரு எண் குடுத்திருக்கினம். உலகத்திலயே ஆகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில ஒண்டு எங்கட. முதல் நாளே தலைநகரத்தைத் திருகோணமலைக்கு மாத்தினா, அங்க இருந்து வடக்கும் கிழக்கும் ரெண்டு பக்கமும் கடலால கொன்ட்ரோல் பரவும். மட்டக்களப்பு வரைக்கும் பிடிக்கலாம். யாழ்ப்பாணம் ஒரு மூலையில கிடக்குது, அங்க இருந்து பரவினா பாதி எண் கடலுக்க வீணாப் போகுமே.

---

உவர்மலை வாசகி

நிலாவெளித் தம்பி, துறைமுகத்தின் தகுதியைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் துறைமுகம் வேறு, தலைநகரம் வேறு. வரலாறு இதை எங்கள் கண்முன்னால் வைத்திருக்கிறது.

திருகோணமலையைக் கடற்படைகள் தேடி வந்ததற்குக் காரணம் எதிர்க்கரை. சோழமண்டலக் கரையில் சென்னை, நாகப்பட்டினம், பாண்டிச்சேரி எல்லாமே திறந்த கடல். வாடை தொடங்கும் ஒக்டோபரில் அங்கே பெரிய கப்பல் நங்கூரம் போட்டு நிற்க முடியாது. அந்த மாதங்களில் ஒதுங்க அண்டையில் இருந்த மூடிய ஆழ்துறைமுகம் இது ஒன்றுதான். 1782ஐப் பாருங்கள். ஜனவரியில் ஆங்கிலேய அட்மிரல் ஹியூஸ் ஒல்லாந்தரிடம் இருந்து பிடித்தார். ஓகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் அதைப் பறித்தார். செப்டெம்பர் 3ஆம் திகதி வெளிக்கடலில் இரண்டு கடற்படைகளும் மோதின. ஒரே வருடத்தில் மூன்று கொடி.

அதற்குப் பிறகு நடந்ததுதான் தம்பியின் கேள்விக்குப் பதில். துறைமுகம் கையில் இருந்தும் சுஃப்ரென் அந்த மழைகாலத்தைத் திருகோணமலையில் கழிக்கவில்லை. கப்பல்களோடு சுமாத்திராவின் அச்சேக்குப் போனார். ஆயிரக்கணக்கான மாலுமிகளுக்கு மாதக்கணக்கில் சோறு போட உள்நாட்டில் விளைச்சலும் சனமும் வேண்டும். அன்றைய திருகோணமலையின் பின்னால் காடும் தூர்ந்த குளங்களும்தான் இருந்தன. கண்டி அரசர்களுக்குத் திருகோணமலையும் கொட்டியாரமும் வெளியுலகுக்கான வாசல்களாக இருந்தன. அவர்கள்கூட அரசிருக்கையை இங்கே கொண்டுவரவில்லை.

விளையாட்டிலும் இதே தர்க்கம்தான் எழுதப்பட்டிருக்கிறது. இயற்கைத் துறைமுக எண் உயர்ந்தால் கடல்வழி ப்ரொக்சிமிட்டியும் வர்த்தகமும் ஏறும். அது சனத்தொகையை உண்டாக்காது.

---

மூதூர் நானா

வாசகி சொன்னதுல சாப்பாட்டுப் பக்கத்த நான் விரிக்கிறன்.

புது பாகத்துல சாப்பாடு லொக்கேஷன் கணக்குல இல்ல, மாகாணக் கணக்குல சேருது. பல லொக்கேஷன் சேர்ந்தது ஒரு மாகாணம், அதுக்கு ஒரு களஞ்சியம். மாசா மாசம் விளைஞ்சது உள்ள போகும், சனமும் படையும் திண்டது வெளிய போகும். மிச்சம் வந்தா மார்க்கெட்டுக்கு வித்துக் காசு. குறைஞ்சா மார்க்கெட்டுல வாங்கணும், காசு போகும். மார்க்கெட்டுலயும் இல்லாட்டி களஞ்சியம் வத்தும், பஞ்சம், சனம் சாகும், ஓடும்.

இப்ப தலைநகரத்த இங்க கொண்டு வந்தா என்ன நடக்கும்? தலைநகரத்துக்குப் பிரபுக்களும் வணிகரும் சேருவாங்க. அவங்க வயல்ல இறங்குற ஆக்கள் இல்ல. திண்டுற வாய் கூடும், விளைவிக்கிற கை கூடாது. அதோட லொக்கேஷன டவுனாவோ சிட்டியாவோ உயர்த்தினா நாட்டுப்புறத்துக்குக் குடுக்கிற சாப்பாட்டு ஊக்கமும் மூலப்பொருள் அளவும் குறையும். இத ஆரம்பத்துல கவனிக்காம நாலு இடத்த டவுனாக்கினா களஞ்சியம் கீழ போறத நிப்பாட்ட ஏலாது.

நான் சொல்ற ஒழுங்கு இதுதான். முதல் வேல, கிழக்குப் பக்கத்துல எந்த லொக்கேஷன்ல நெல் மூலப்பொருளா இருக்குன்னு பாருங்க. ஒரு லொக்கேஷனுக்கு ஒரே மூலப்பொருள்தான். நெல் உள்ள இடத்த எக்காரணம் கொண்டும் டவுனாக்க வேணாம். மீன், உப்பு உள்ள கரையோர லொக்கேஷனத் தெரிஞ்சு அதுல ஒண்ட மட்டும் டவுனாக்குங்க. களஞ்சியம் நிரம்பி, ரெண்டு மூணு வருசம் தொடர்ந்து மிச்சம் காட்டின பிறகுதான் அடுத்தது.

---

தம்பலகாமத்தான்

நானா சொல்லுறது அப்பிடியே சரி. ஒண்டு சேர்க்கிறன். கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டன் பேரோட சேர்த்துத்தான் கோயில் மரபில சொல்லுறது. கோணேசர் கோயிலுக்கு நெல் வரோணும், அதுக்குக் குளம் வேணும், வயல் வேணும், அந்த வயலைச் செய்யிற குடி வேணும். தம்பலகாமம் அந்தக் குளத்துத் தண்ணியில விளையிற மண். கோயில், துறை, குளம் மூண்டும் ஒரே கணக்கு. விளையாட்டில நீர்ப்பாசனக் கட்டடம் கட்டக் காசு விடுற நேரம் இதை நினைவில வைச்சு, கரையோரத்துக்குப் பின்னால இருக்கிற முதல் வரிசை லொக்கேஷன்களில போடுங்கோ. அங்க கூடுற நெல்லு அதே மாகாணக் களஞ்சியத்தில விழுதோ எண்டு மாகாண எல்லையைப் பாத்துப் போடோணும். எல்லைக்கு அங்கால விழுந்தா திருகோணமலைக்குச் சும்மா வராது, மார்க்கெட்டாலதான் சுத்தி வரும்.

---

நிலாவெளியான்

சரி அக்கா, நானா. தலைநகரம் நல்லூரிலயே இருக்கட்டும். அப்ப திருகோணமலையில கொன்ட்ரோலைக் கூட்டுறது எப்பிடி? படிப்படியாச் சொல்லுங்கோ.

---

கோணமலையான்

நாலு நெம்புகோல் இருக்கு. ஒண்டை மட்டும் பிடிச்சா காணாது.

முதலாவது கடற்பலம். ஒவ்வொரு கடல் வலயத்திலயும் உங்களுக்கு எத்தனை வீதம் செல்வாக்கு எண்டு ஒரு எண் ஓடும். கரையோரத் துறைக் கட்டடங்கள் அதை மெல்ல மெல்ல உயர்த்தும். அதுக்கு மேல கப்பலை ரோந்துக்கு விட்டா கூடும். பெரிய போர்க்கப்பல் தேவையில்லை, செலவு கட்டாது. இலகு கப்பல்களைச் சின்னக் கூட்டமாப் பிரிச்சு, நல்லூருக்கும் திருகோணமலைக்கும் இடையில வாற ஒவ்வொரு வலயத்திலயும் விடுங்கோ. இங்க வழமையா நடக்கிற பிழை, எல்லாக் கப்பலையும் திருகோணமலை வாசலில கொண்டுபோய்க் குவிக்கிறது. ப்ரொக்சிமிட்டி தலைநகரத்தில இருந்து வலயம் வலயமாத்தான் நடந்து வரும். நடுவில முல்லைத்தீவுக் கடலில செல்வாக்கு இல்லையெண்டா, அங்கயே எண் கரைஞ்சிடும். வாசலில நிக்கிற கப்பலால பிரயோசனம் இல்லை.

ரெண்டாவது திருகோணமலையிலயே துறைக் கட்டடம். இயற்கைத் தகுதி உயர்வா இருக்கிற இடத்தில கட்டடம் போட்டா அந்தக் காசுக்கு ஆகக் கூடின பலன். கட்டடத்துக்குக் காசு மட்டும் காணாது, மரம், கல், கருவி எண்டு மார்க்கெட்டில பொருளும் இருக்கோணும். உங்கட மார்க்கெட்டில மரம் தட்டுப்பாடா இருக்கிற நேரம் நாலு கட்டடத்தை ஒண்டாத் தொடங்கினா விலை ஏறி, அதே கட்டடம் அதிக காசு விழுங்கும். ஒண்டு முடிய ஒண்டு.

மூண்டாவது பெய்லிஃப். தூரத்து லொக்கேஷனில இந்தக் கட்டடத்தைப் போட்டா அது உள்ளூரிலயே ப்ரொக்சிமிட்டிக்கு ஒரு சின்ன ஊற்றா வேலை செய்யும். தலைநகரத்தின்ர எண் வந்து சேராத உள்ளூருக்கு இது. கடலோரத்தில போட்டுக் காசை வீணாக்காதேங்கோ. கந்தளாய், பதவியா பக்கம் போல உள்நாட்டுக்கு வையுங்கோ.

நாலாவது வீதி. இதைக் கடைசியாத்தான் போடோணும். வன்னிக்குள்ளால நேர் வீதி கவர்ச்சியாத் தெரியும். ஆனா ஒவ்வொரு லொக்கேஷன் எல்லைக்கும் காசு. சனம் குறைஞ்ச காட்டு லொக்கேஷன்களுக்க கொன்ட்ரோல் 60 வந்தாலும் அங்க வரி எடுக்க என்ன கிடக்கு? வீதி துறையில இருந்து உள்ள போகட்டும். திருகோணமலையில இருந்து கந்தளாய்க்கு, அங்க இருந்து மேற்க.

கொன்ட்ரோல் சடாரெண்டு ஏறாது. அதின்ர உச்ச எல்லையை உயர்த்தினா மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமா அதை நோக்கி நகரும். அதால கப்பலை ரோந்தில விட்டு ஒரு வருசத்தில எண் ஏறேல்லை எண்டு திருப்பி எடுக்காதேங்கோ. எடுத்தா இறங்கத் தொடங்கும்.

---

மூதூர் நானா

வர்த்தகத்தயும் சொல்லிடுறன். ஒவ்வொரு லொக்கேஷனும் ஏதோ ஒரு மார்க்கெட்டுக்குள்ள விழும். மார்க்கெட் மையத்துக்கு எவ்வளவு லேசாப் போகலாம்ங்கிறதப் பொறுத்து அணுகல் எண் வரும். அணுகல் குறைஞ்ச இடத்துல விளையிற பொருள் முழுசா மார்க்கெட்டுக்கு வராது. முத்து உங்க கைல இருக்கிற வரைக்கும் அது இருக்கிற லொக்கேஷன் நல்ல அணுகல் உள்ள மார்க்கெட்டுல இருக்கணும்.

ஏற்றுமதிக்கு வர்த்தகக் கொள்ளளவு வேணும், அது சந்தைக் கட்டடத்தாலயும் வணிகர் சனத்தாலயும் கூடும். கொள்ளளவு சின்னதா இருக்கிற முதல் வருசங்கள்ல நெல்ல வெளிய அனுப்ப வேணாம். பாரம் கூட, விலை குறைவு. முத்து மாதிரி விலை கூடினத அனுப்பி, திரும்பி வாற பக்கம் கருவியும் இரும்பும் எடுங்க.

வர்த்தகத்த ஏஐ கைல குடுக்கிற வசதி இருக்கு. முதல் ஆட்டத்துல குடுங்க, தப்பில்ல. ஆனா அது லாபம் எங்க கூடவோ அங்க ஓடும், உங்களுக்கு என்ன தட்டுப்பாடுன்னு பாக்காது. துறை கட்டுற வருசத்துல மரம், கருவி ரெண்டுக்கும் மட்டும் கையால இறக்குமதி பூட்டி வெச்சுட்டு மிச்சத்த ஏஐகிட்ட விடுறது நல்லம்.

---

நிலாவெளியான்

தானியங்கி எல்லாம் வேண்டாமெண்டுதான் நான் நினைக்கிறன். எல்லாத்தையும் அதிட்ட குடுத்தா பிறகு விளையாடுறது ஆர்?

---

கோணமலையான்

தம்பி, யாழ்ப்பாணம் போல ஒரு சின்ன அரசுக்கு எல்லாத்தையும் கையால செய்யலாம். இலங்கை முழுக்கப் பிடிச்ச பிறகு ஏலாது. வரைபடம் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட லொக்கேஷன். தானியங்கியை ஒவ்வொரு அலுவலுக்கும் தனித்தனியா அணைக்கலாம், அதைப் பிரயோசனப்படுத்துங்கோ. கட்டடமும் வரியும் உங்கட கையில, வர்த்தகம் நானா சொன்ன மாதிரி.

வரியைப் பற்றி ஒண்டு. தொடக்கத்தில பிரபுக்களின்ர பலம் கூட. காசு தேவை எண்டு சலுகையை அள்ளிக் குடுத்தா அவையின்ர பங்கு கூடும், அரசபங்கு குறையும். முதல் பதிவில போட்ட கணக்கில 30 வீதம் 20 ஆனா என்ன வரும் எண்டு பாருங்கோ: 0.50உம் 0.40உம். முந்தி 1.10, இப்ப 0.90. குடுத்த சலுகையைத் திருப்பி எடுக்க நிலைத்தன்மையைச் செலவழிக்கோணும், அதுவும் லேசில வராது.

---

நிலாவெளியான்

போர்? மதுரைச் சுல்தானகத்தைத் தொடக்கத்திலயே அடிக்கலாமோ?

---

உவர்மலை வாசகி

ஆசைப்படக்கூடிய இலக்குத்தான், தொடக்கத்தில் வேண்டாம். இந்தப் பாகத்தில் ஆரம்பப் படை என்பது குடிப்படை. உங்கள் விவசாயிகளும் பிரபுக்களும்தான் ஈட்டி பிடித்து நிற்பார்கள். செத்தவர் செத்தவர்தான், அந்த எண்ணிக்கை சனத்தொகையில் இருந்து நிரந்தரமாகக் கழியும். 4ஆம் பாகத்தில் மனிதவளம் என்ற தனிக் குடம் மாதம்தோறும் நிரம்பியது. இங்கே செத்தவன் அடுத்த வருடம் உழமாட்டான், வரியும் தரமாட்டான். யாழ்ப்பாணத்தின் சனத்தொகைக்கு ஒரு தோல்வி போதும், ஒரு தலைமுறை போய்விடும்.

மதுரையை மற்றவர்கள் தேய்க்கட்டும். வரலாற்றிலும் அந்தச் சுல்தானகம் 1378இல் விஜயநகரத்தால்தான் முடிந்தது. விஜயநகரம் தெற்கே இறங்கும்வரை உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. அதற்குள் வன்னியையும் கிழக்குக் கரையையும் உறுதிப்படுத்துங்கள். விஜயநகரம் கரைக்கு வந்ததும் திறைகட்டும் உறவு வைப்பதே நல்லது. திறை போகும், ஆனால் உள்நாட்டில் கைவைக்க மாட்டார்கள்.

தெற்கே குருநாகல் பக்கம் போவதானால் படையோடு உணவு வண்டிப் பிரிவையும் சேருங்கள். படை தன் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு போகிறது. நட்பு மாகாணத்தில் நிற்கும்போது நிரப்பிக்கொள்ளும், எதிரி நிலத்தில் முற்றுகை நீண்டால் தீர்ந்துவிடும். சண்டையே இல்லாமல் பாதிப் படை கரையும். களத்தில் இடது, நடு, வலது, பின்னிருப்பு என்று நான்கு பகுதி. ஆள் குறைந்த படையை மூன்று பக்கமும் சமமாகப் பரப்பாதீர்கள். ஒரு பக்கம் உடைந்தால் எதிரி உள்ளே திரும்பி நடுவை அடிப்பான். பின்னிருப்பில் எப்போதும் ஒரு பிரிவு நிற்கட்டும்.

---

தம்பலகாமத்தான்

கோட்டை எங்க போடுறது எண்டும் கதையுங்கோ. பிரட்றிக் கோட்டை இருக்கிற இடத்திலதானே எல்லாரும் நினைப்பினம்.

---

உவர்மலை வாசகி

விளையாட்டில் ஒரு லொக்கேஷனுக்கு ஒரு கோட்டைதான் என்பதால் பாறை எது, மேடு எது என்ற வேறுபாடு வராது. நிலத்தில் அந்த வேறுபாடு மிகப் பெரியது. கோணேசர் பாறையில் இருக்கும் பிரட்றிக் கோட்டை நகரத்தையும் இரண்டு பக்கக் குடாக்களையும் பார்க்கிறது. உள்துறைமுகத்தின் வாய் அதன் பீரங்கிக்கு எட்டாது. அதைக் காப்பது ஒஸ்டென்பேர்க் மேடு. 1782 ஜனவரி 5இல் ஆங்கிலேயர் நகரத்துக் கோட்டையைப் பிடித்தும் வேலை முடியவில்லை. 11ஆம் திகதி ஒஸ்டென்பேர்க்கை ஏறிப் பிடித்த பிறகுதான் துறைமுகம் அவர்களுடையது. 1795இலும் அதே வரிசை: ஓகஸ்ட் 26 ஒன்று, 31 மற்றது.

போர்த்துக்கேயர் 1622இல் கோயிலை இடித்து, அந்தக் கற்களையே கோட்டைக்கு எடுத்தார்கள். இந்த விளையாட்டில் கோயிலுக்கும் மதகுருமார் சனத்துக்கும் தனிக் கணக்கு இருப்பதால், திருகோணமலை கைமாறினால் என்ன இழப்பு என்பது எண்ணிலேயே தெரியும். எனக்கு இந்தப் பாகத்தில் மிகப் பிடித்தது அதுதான்.

கோட்டைக்கு என் யோசனை: யாழ்ப்பாணமாக ஆடும்போது முதல் கோட்டையைத் திருகோணமலையில் போடாதீர்கள். பராமரிப்புச் செலவு மாதாமாதம் போகும். 1505க்கு முன் இந்தக் கரைக்கு ஐரோப்பியர் வரப்போவதில்லை, உங்களுக்கு 168 வருடம் இருக்கிறது. முதல் கோட்டை தெற்கு எல்லையில், தரைவழி வரும் படையை மறிக்கும் லொக்கேஷனில். 1450இல் கோட்டே அரசின் தளபதி சபுமல் குமாரயா யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் தெற்கிலிருந்து தரையால் வந்துதான்.

---

சீனன்குடா

கணினிப் பக்கம் நான் எழுதுறன், சுருக்கமா.

கடைப் பக்கத்தில குறைஞ்சது 16 ஜிபி ரேம் எண்டு போட்டிருக்கு. 8 ஜிபி மெஷினில தொடங்கினாலும் 1400 தாண்ட முதல் டிஸ்க்கைக் கடையும். கிராஃபிக்ஸ் காட்டை விட சிபியுதான் இதுக்கு முக்கியம். ஒவ்வொரு மாசமும் கோடிக்கணக்கான சனத்தின்ர கணக்கு ஓடுது. மடிக்கணினி எண்டா கச்சான் காலத்து வெக்கையில சிபியு தானா வேகத்தைக் குறைக்கும். மின்சார அமைப்பில சிபியுவின்ர உச்ச நிலையை 100இல இருந்து 99 ஆக்கினா பல மெஷின்களில திடீர் வேகம் அணைஞ்சு வெப்பம் குறையும். ஆட்டம் கொஞ்சம் மெதுவாகும், ஆனா சீரா ஓடும்.

கரண்ட் போற ஊரில அயர்ன்மேன் ஆடுறவை கவனம். அதில ஒரே ஒரு சேமிப்புக் கோப்புத்தான். எழுதிற நேரத்தில கரண்ட் போனா கோப்புச் சிதைஞ்சு ஆட்டம் முழுக்கப் போச்சு. யூபிஎஸ் போடுங்கோ, இல்லாட்டி டொக்கியூமென்ட்ஸ் கோப்புறைக்குள்ள பரடொக்ஸ் கோப்புறையில இருக்கிற சேமிப்புகளை ஒவ்வொரு நாளும் வேற இடத்தில பிரதி எடுங்கோ.

இப்ப தமிழ். விளையாட்டு தமிழில வராது, இடப்பெயர்களையாவது நாங்கள் மாத்தலாம். மொழிக் கோப்புகள் சாதாரண எழுத்துக் கோப்புகள்தான்: ஒரு வரிக்கு ஒரு சாவி, முக்காற்புள்ளி, மேற்கோள் குறிக்குள்ள பேர். மூண்டு இடத்தில எல்லாரும் பிழை விடுவினம். கோப்பை யூடிஎஃப்-8, அதுவும் பொம் அடையாளத்தோட (கோப்பின்ர தொடக்கத்தில வாற மறை குறி) சேமிக்கோணும், சும்மா யூடிஎஃப்-8 எண்டா விளையாட்டு கண்டுகொள்ளாது. கோப்புப் பேரின்ர முடிவில மொழிக் குறி அப்பிடியே இருக்கோணும். ஒவ்வொரு வரிக்கும் முன்னால ஒரு வெற்றிடம் விடோணும்.

அதைவிடப் பெரிய சிக்கல் எழுத்துக் கோர்வை. முதல் சோதனைக்கு "கொட்டியாரம்", "மூதூர்" எண்டு ரெண்டு பேரைப் போடுங்கோ. கொ சரியா ஒற்றைக்கொம்பு முன்னுக்கு வந்து, மூவும் தூவும் ஒட்டின எழுத்தா வந்தால் என்ஜினுக்குத் தமிழ் தெரியும், நேர யூனிகோடில எழுதலாம். கொம்பு க-வுக்குப் பின்னால விழுந்து, மூ எண்டது மவும் தனிக் குறியுமாப் பிரிஞ்சா, என்ஜின் எழுத்தை எழுத்தாத்தான் அடுக்குது.

அப்ப பாமினி வழி இருக்கு. பாமினி வகை எழுத்துருவில தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின்ர இடத்தில இருக்கு. யூனிகோடுப் பேரைப் பாமினிக்கு மாத்தி, விளையாட்டின்ர எழுத்துருக் கோப்பை அதால மாத்தினா, என்ஜின் ஆங்கிலம் எண்டு நினைச்சு வரிசையா வரையும், திரையில தமிழ் வரும்.

பிரச்சினை ரெண்டு. பாமினியில ஜ சதுர அடைப்புக்குறியின்ர இடத்தில இருக்கு. விளையாட்டு அந்தக் குறியைக் கட்டளையா வாசிக்கும், பேரே வராது. ஃபொன்ட்ஃபோர்ஜ் எண்ட எழுத்துருத் திருத்தியில அப்பிடியான வடிவங்களைப் புள்ளி வைச்ச ஐரோப்பிய எழுத்துகளின்ர வெறும் இடத்துக்கு நகர்த்தி, யூனிகோடைப் பாமினியாக்கிற கருவியிலயும் (மாத்தி) அதே மாற்றம் செய்யோணும். ரெண்டாவது, நாங்கள் மாத்தாத ஆங்கிலப் பேர் எல்லாம் குழம்பின தமிழாத் தெரியும். அதாலதான் வரைபடப் பேர்களுக்கு வேற எழுத்துருக் கோப்பு இருக்குதோ எண்டு முதல் பாக்கோணும். இருந்தா அதை மட்டும் மாத்தலாம், மெனு எல்லாம் ஆங்கிலத்தில கிடக்கட்டும். ஆனா வரைபடம் முழுக்க ஒரே எழுத்துரு எண்டதால இலங்கையோட நிப்பாட்ட ஏலாது, பெயர்ப் பட்டியல் முழுக்க மாத்தியால ஒருக்கா ஓட்டி எடுக்கோணும்.

---

தம்பலகாமத்தான்

பெயர்ப் பட்டியலுக்கு நான் கை குடுக்கிறன். மாவட்டத்துப் பேர்கள் ஒழுங்கா வரோணும். தம்பலகாமம், கந்தளாய், கிண்ணியா, மூதூர், சம்பூர், வெருகல், குச்சவெளி, திரியாய், புல்மோட்டை.

---

சீனன்குடா

நல்லம். பட்டியலை விரிதாளில போடுங்கோ: முதல் நிரலில விளையாட்டின்ர சாவி, ரெண்டாவதில யூனிகோடுத் தமிழ். மூண்டாவது நிரலைக் கையால தொடாதேங்கோ, மாத்தி நிரப்பும். சாவியில ஒரு எழுத்துப் பிழைச்சாலும் அந்த வரி வேலை செய்யாது, பிழைச் செய்தியும் திரையில வராது. பிழைப் பதிவுக் கோப்பிலதான் கிடக்கும்.

சேர்ந்து ஆடப்போறவைக்கும் ஒரு எச்சரிக்கை. நாலு பேரும் ஒரே பதிப்பு, ஒரே மொட் (விளையாட்டை மாத்த நாங்கள் போடுற கோப்புகள்), ஒரே வரிசை. ஒராள் மட்டும் கோப்பு மாத்தினா சரிபார்ப்பு எண் வேறுபடலாம், இணைய விடாது. முதல் கிழமை சேர்ந்து ஆடுறது மொட் இல்லாமலே நடக்கட்டும்.

---

கோணமலையான்

அப்ப வெளியான அண்டைக்குப் பாக்க வேண்டியதைப் பிரிச்சு எடுப்பம். ஆட்டத்தைத் தொடங்கி உடன நிறுத்தி வைச்சிட்டு, நேரம் ஓட விடாமப் பாருங்கோ. திருகோணமலை லொக்கேஷனின்ர துறைமுகத் தகுதி, சனத்தொகை, மூலப்பொருள் நிலாவெளித் தம்பி. மாகாண எல்லையும் களஞ்சிய நிலுவையும் தம்பலகாமத்தான். எந்த மார்க்கெட்டுக்குள்ள விழுது, அணுகல் எவ்வளவு எண்டது நானா. வாசகி அயல் அரசுகளின்ர படை எண்ணிக்கை. நல்லூரில இருந்து திருகோணமலை வரைக்கும் கடல் வலயம் எத்தனை, ஒவ்வொண்டிலயும் தொடக்கச் செல்வாக்கு எவ்வளவு எண்டதை நான் எண்ணிப் போடுறன்.

---

நிலாவெளியான்

ஓம் அண்ணை. எண்ணோட திரைப்பிடிப்பையும் சேர்த்துப் போடுறன். தகுதி எண்ணுக்கு மேல சுட்டியை வைச்சா எதால எவ்வளவு வந்தது எண்டு பிரிச்சுக் காட்டும், அந்தப் பெட்டியும் தெரியிற மாதிரி எடுக்கிறன். காலி, கொழும்பு, மன்னார் மூண்டையும் பக்கத்தில வைச்சுப் பாக்கலாம்.